தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமும் தலித் மாணவரும்: சேருமுன் அறிய வேண்டிய சட்டமும் கணக்கும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் தன்மை மாறிவிடுகிறது. வழக்குக்காக அன்று, ஆலோசனைக்காகப் பெற்றோரும் மாணவரும் அழைக்கிறார்கள். அண்மைக் காலமாக அவ்வழைப்புகளில் ஒரு புதிய கேள்வி இடம்பெறுகிறது: "பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகவும் சொல்கிறார்கள், சேரலாமா?"

அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் வட மாவட்டம் ஒன்றின் அரசுப் பள்ளியில் படித்த மாணவி. தந்தை செங்கல் சூளைத் தொழிலாளி. கையில் இருந்த கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், சிறிய எழுத்தில், கட்டணச் சலுகை முதலாண்டுக்கு மட்டுமே உறுதி என்றும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது மதிப்பெண் சராசரியைப் பொறுத்தது என்றும், விடுதி, உணவுக் கட்டணங்களுக்குச் சலுகை பொருந்தாது என்றும் எழுதப்பட்டிருந்தது. அக்குடும்பத்தில் எவரும் இரண்டாம் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. அப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவை இந்தப் பல்கலைக்கழகங்கள்

தனியார் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பிழை. சட்டத்தின் பார்வையில் அவை இரு வகைப்படும். முதலாவது, யுஜிசி சட்டம் 1956இன் பிரிவு 3இன் கீழ் ஒன்றிய அரசால் அறிவிக்கப்படும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பிட்ஸ் பிலானி 1964ஆம் ஆண்டிலேயே இத்தகுதியைப் பெற்றது. தமிழ்நாட்டின் விஐடி, எஸ்ஆர்எம், சாஸ்த்ரா ஆகியவையும் இவ்வகையினவே. இரண்டாவது, மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தால் உருவாகும் தனியார் பல்கலைக்கழகம். அரியானாவின் சோனிப்பட்டில் உள்ள ஓ.பி. ஜிந்தால், அசோகா ஆகிய இரண்டும், பெங்களூரின் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும், உத்தரப்பிரதேசத்தின் ஷிவ் நாடார் பல்கலைக்கழகமும் இவ்வகையில் அடங்கும்.

இவற்றுள் சில, ஆராய்ச்சியை முதன்மைப்படுத்துவதாகவும் குறைந்த எண்ணிக்கையில் தேர்ந்தெடுத்தே மாணவரைச் சேர்ப்பதாகவும் அறிவித்துக்கொள்கின்றன. அந்த அறிவிப்பில் உண்மை உண்டு. சிறிய வகுப்புகள், ஆய்வகத்தில் இளநிலை மாணவருக்கும் கிடைக்கும் இடம், இயற்பியலோடு வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு, கட்டுரை எழுதப் பயிற்சி ஆகியவை பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் இன்றும் எட்டாக் கனி. இதை மறுத்துவிட்டு எழுதுவது மாணவருக்குச் செய்யும் உதவியாகாது. இவ்வாய்ப்பு யாருக்கு, எந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மூன்று நிறுவனங்களின் கணக்கு

கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, திக்விஜய் சிங் தலைமையில், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இக்கேள்விக்கு எண்களில் விடை தந்தது. 2024-25இல் பிட்ஸ் பிலானியின் 5,137 மாணவர்களில் பட்டியல் சாதியினர் 29 பேர், பழங்குடியினர் 4 பேர். ஓ.பி. ஜிந்தாலின் 3,181 மாணவர்களில் பட்டியல் சாதியினர் 28, பழங்குடியினர் 29. ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தின் 3,359 மாணவர்களில் முறையே 48, 29.

மூன்றையும் கூட்டினால் 11,677 மாணவர்களில் பட்டியல் சாதியினர் 105 பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒன்றிய அரசு நிறுவனங்களில் உள்ள 15 விழுக்காட்டை இங்கும் பின்பற்றியிருந்தால் ஏறத்தாழ 1,750 பேர் இருந்திருப்பார்கள். "தகுதியானவர்கள் விண்ணப்பிப்பதில்லை" என்ற பழைய விடையை இதற்கும் சொல்வார்கள். அதே வயதுடைய, அதே பள்ளிகளில் படித்த தலித் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஐஐடிகளிலும் ஐசர்களிலும் சேர்ந்து படித்து வெளியேறுகிறார்கள் என்பதே அதற்கு மறுமொழி. இரு வகை நிறுவனங்களுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடுகள் கட்டணமும் சட்டமும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீடு அரசமைப்புக்கு முரணானது என்று மாணவர்கள் மட்டுமன்று, சில ஆசிரியர்களும் நம்புகிறார்கள். அது தவறு. எப்படித் தவறு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இக்கதை சென்னையில்தான் தொடங்குகிறது. 1951இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பிரிவு 15(4) சேர்க்கப்பட்டது. கல்வியில் இடஒதுக்கீட்டின் அடித்தளம் அதுவே.

தனியார் கல்லூரிகள் பெருகியபோது கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, கல்வி நிறுவனம் நடத்துவது பிரிவு 19(1)(எ)யின் கீழ் ஒரு தொழில் உரிமை என்றது. அதைப் பின்பற்றி, 2005 ஆகஸ்ட் 12 அன்று இனாம்தார் வழக்கில் 7 நீதிபதிகள் அமர்வு, அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் மீது அரசு தன் இடஒதுக்கீட்டைச் சுமத்த இயலாது என்று தீர்ப்பளித்தது. நடத்துபவரின் தொழில் உரிமைக்கு முன்னே படிக்க வருபவரின் சமத்துவ உரிமை பின்னுக்குத் தள்ளப்பட்ட தீர்ப்பு அது.

நாடாளுமன்றம் அசாதாரண வேகத்தில் பதில் அளித்தது. 93ஆம் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறி, 2006 ஜனவரி 20 முதல் பிரிவு 15(5) நடைமுறைக்கு வந்தது. அரசு உதவி பெறுவதாயினும் பெறாததாயினும், சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாக, தனியார் கல்வி நிறுவனங்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் சேர்க்கைக்குச் சட்டத்தின் வாயிலாகச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம்.

"சட்டத்தின் வாயிலாக" என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிரிவு 15(5) தானே எவருக்கும் இடம் தருவதில்லை. சட்டம் இயற்றும் அதிகாரத்தை மட்டுமே அது தருகிறது. அதே 2006இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒன்றியக் கல்வி நிறுவனங்கள் சேர்க்கை இடஒதுக்கீட்டுச் சட்டம், ஒன்றிய அரசு நிறுவிய, பராமரிக்கும் அல்லது நிதியுதவி அளிக்கும் நிறுவனங்களோடு நின்றுகொண்டது. உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் அதில் இல்லை.

அச்சட்டத்தை எதிர்த்த அசோக குமார் தாக்கூர் வழக்கில் (பல்கலைக்கழகத்தின் பெயரோடு வழக்கின் பெயரும் ஒத்திருப்பது தற்செயல்) 2008இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தனியார் உதவிபெறா நிறுவனங்கள் பற்றிய கேள்வியைப் பெரும்பான்மை நீதிபதிகள் திறந்தே விட்டனர். அக்கேள்விக்கு 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் 5 நீதிபதிகள் அரசமைப்பு அமர்வு விடையளித்தது: பிரிவு 15(5) செல்லும், அது தொழில் உரிமையை அழிக்கவில்லை, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பையும் மீறவில்லை.

ஆக, 2014க்குப் பிறகு சட்டத் தடை எதுவும் இல்லை. இல்லாதிருப்பது நாடாளுமன்றத்தின் ஒரு சட்டம் மட்டுமே. மேற்சொன்ன நிலைக்குழு, 15, 7.5, 27 விழுக்காடுகளில் அத்தகைய சட்டத்தை இயற்ற வேண்டும் என்றே பரிந்துரைத்தது. நீதிமன்றம் தடுக்கிறது என்று இனி எந்த ஒன்றிய அமைச்சரும் சொல்ல இயலாது.

மாநிலச் சட்டங்களின் நிலை என்ன? அரியானாவின் தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2006, மொத்த இடங்களில் 25 விழுக்காட்டை அம்மாநிலத்தவருக்கு ஒதுக்கி, அந்த 25க்குள் 10 விழுக்காட்டை அம்மாநிலப் பட்டியல் சாதியினருக்கு அளிக்கிறது. மொத்தத்தில் அது 2.5 விழுக்காடு. விழுப்புரத்திலிருந்து சோனிப்பட்டுக்கு விண்ணப்பிக்கும் தலித் மாணவருக்கு அந்த இரண்டரையும் இல்லை, அவர் பொதுப் போட்டியில்தான் நிற்கிறார். விண்ணப்பப் படிவத்தில் சமூகப் பிரிவைக் கேட்டிருப்பதைக் கண்டு இடஒதுக்கீடு உண்டு எனக் கருதிவிடக் கூடாது. புள்ளிவிவரத்துக்காகவும் அது கேட்கப்படும்.

தமிழ்நாட்டு மாணவர் இழப்பது

தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள், சிறுபான்மை அல்லாதவை எனில் 65 விழுக்காடும், சிறுபான்மையினருடையவை எனில் 50 விழுக்காடும், இடங்களை அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. அவ்விடங்களில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு செயல்படுகிறது. பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு முன்னுரிமையும், அவ்வழியில் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் ஏற்பாடும் உண்டு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இக்கலந்தாய்வில் இடம்பெறுவதில்லை. அவை மாணவரைத் தாமே சேர்க்கின்றன. எனவே ஒரு மாணவர் கலந்தாய்வு இடத்தை விட்டுவிட்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓர் இடத்துக்குப் பதில் இன்னோர் இடம் என்று மாற்றிக்கொள்வதோடு அது முடிந்துவிடுவதில்லை. மூன்று தலைமுறைப் போராட்டத்தில் கிடைத்த பாதுகாப்புகளையும் வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்கிறார். அதற்கு ஈடாக உள்ளே என்ன கிடைக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

இவ்வகைப் பல்கலைக்கழகங்கள் இங்கும் பெருகக்கூடும். 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களாக மாறினால் இடஒதுக்கீடு என்னவாகும் என்று ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் கேள்வி எழுப்பிய பின், மறுபரிசீலனை செய்வதாக அரசு அறிவித்தது. இயக்கங்கள் அக்கோப்பின் மீது கண் வைத்திருப்பது நல்லது.

பணம்

வடநாட்டின் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கல்விக் கட்டணமும் விடுதியும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. பாதி தள்ளுபடி என்றாலும் நான்காண்டுப் படிப்புக்கு இருபது இலட்சம் மிஞ்சுகிறது. இதனை எங்கிருந்து திரட்டுவது?

மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்கு உட்பட்ட பட்டியல் சாதி மாணவருக்கானது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 அதனை விரிவாக்கி, தனியார் கல்லூரிகளில் கட்டண நிர்ணயக் குழு வகுத்த கட்டணத்தை அரசே செலுத்தும் நிலையை உருவாக்கியது. ஆயிரக்கணக்கான முதல் தலைமுறைப் பொறியாளர்கள் அந்த அரசாணையின் பிள்ளைகள். ஆனால் அதன் அளவுகோல் குழு வகுத்த கட்டணம். பல்கலைக்கழகம் தானே வகுத்துக்கொண்ட பத்து இலட்சத்தை அது தாங்கும் என்று எவரேனும் வாய்மொழியாகச் சொன்னால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறாமல் நம்ப வேண்டாம்.

ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வித் திட்டம் என்றொன்று உண்டு. வருமான வரம்பு 8 இலட்சம். அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். தனியார் நிறுவனம் எனில் ஆண்டுக்கு 2 இலட்சம் வரைதான் கட்டணம் தரப்படும். கட்டணம் அதைவிடப் பன்மடங்காக இருக்குமிடத்தில் இது ஓட்டைப் பானையில் ஊற்றும் நீர்.

எஞ்சுவது வங்கிக் கடன். 7.5 இலட்சம் வரை பிணையமின்றிப் பெற வழியுண்டு. அதற்கு மேல் வங்கிகள் பொதுவாக வீடோ நிலமோ கேட்கின்றன. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் மேலுள்ள நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையமற்ற கடனும், 8 இலட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு 10 இலட்சம் வரையான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் தருகிறது. நிலமற்ற குடும்பத்துக்கு இது பயன்படும் என்பது உண்மை. எனினும் அசல் கடன் கடனாகவே இருக்கும். இலக்கியமோ வரலாறோ படித்துவிட்டு ஆய்வுக்குச் செல்ல விரும்பும் மாணவர், 21 வயதில் அந்தக் கடனைத் தோளில் ஏற்றிக்கொண்டால் ஆய்வுக்குச் செல்வதில்லை, கிடைத்த முதல் வேலைக்குச் செல்கிறார். எந்த நோக்கத்துக்காக அங்கே சேர்ந்தாரோ அதையே கடன் பறித்துக்கொள்கிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள்: ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு.

அண்ணல் அம்பேத்கரே தனியார் பல்கலைக்கழகத்தில்தானே படித்தார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கொலம்பியா தனியார் பல்கலைக்கழகம்தான். 1913இல் அவர் அங்கே சென்றது பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையில். அதற்கு ஈடாகப் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தமும் எழுதித் தந்தார். 1917இல் பரோடாவுக்குப் பணிக்குச் சென்றவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை என்பது நாம் அறிந்த வரலாறு. தனியார் பல்கலைக்கழகத்தின் கதவைப் பொதுப் பணம் திறந்துவைத்தது என்பதே அதில் நாம் பார்க்க வேண்டியது.

எனவே சலுகைக் கடிதம் வந்தால், அது எத்தனை ஆண்டுக்கு, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும், ஆண்டுதோறும் கட்டணம் உயர்ந்தால் சலுகையும் உயருமா, விடுதியும் உணவும் அடங்குமா, ஒரு பருவம் மருத்துவக் காரணத்தால் தவறினால் என்னவாகும் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலிலேயே பதில் பெறுங்கள். முழுச் செலவையும், விடுதி உட்பட, படிப்பு முடியும் வரை ஏற்பதாக எழுதித் தரும் நிறுவனங்களும் உள்ளன. அப்படி எழுதித் தந்தால், விரும்பும் பாடம் அரசு நிறுவனத்தில் கிடைக்காவிட்டால், தயங்காமல் சேரலாம் என்பதே என் கருத்து. அவ்வாறு எழுதித் தராதபோது, கையில் அரசு நிறுவன இடம் இருந்தால் அதை விட வேண்டாம்.

வளாகத்துக்குள் சட்டம்

தேர்ந்தெடுக்கும் முறை பற்றி ஒரு சொல். கட்டுரை, நேர்காணல், "ஆளுமை" என்று மதிப்பிடும் இடங்களில் ஆங்கில உரையாடலின் சரளமும் பள்ளிக்கு வெளியே செய்தவற்றின் பட்டியலும் எடைபோடப்படுகின்றன. விடுமுறையில் சூளையில் வேலை செய்ததும், தம்பி தங்கையைப் படிக்க வைத்ததும், ஊர்ச் சேரியில் மாலை வகுப்பு நடத்தியதும் அப்பட்டியலில் எழுதத் தக்கவையே. மாணவர்கள் கூச்சத்தால் எழுதாமல் விடுகிறார்கள். எழுத வேண்டும்.

சேர்ந்த பின் பாகுபாடு நேர்ந்தால், தனியார் நிறுவனம் என்பதால் சட்டம் எட்டாது என்பது பொய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 தனியார் வளாகத்துக்கும் பொருந்தும். யுஜிசியின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ மேம்பாட்டு ஒழுங்குமுறைகள், ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் சமவாய்ப்புப் பிரிவு ஒன்றை அமைத்து, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றன. அவை ஏட்டளவில் நின்றுபோனதைச் சுட்டிக்காட்டித்தான் ரோகித் வெமுலா, பாயல் தத்வி ஆகியோரின் தாய்மார்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர்.

நீதிமன்றம் செல்லும் வழியும் அடைக்கப்பட்டதில்லை. டாக்டர் ஜேனட் ஜெயபால் எதிர் எஸ்ஆர்எம் பல்கலைக்கழகம் வழக்கில், உயர்கல்வி அளிப்பது பொதுப் பணி என்பதால் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் பிரிவு 226இன் கீழ் உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணைக்கு உட்பட்டது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது விரிவுரையாளர் ஒருவரின் பணிநீக்கம் தொடர்பான வழக்கு. எனினும் அதன் கோட்பாடு மாணவருக்கும் ஆயுதம்.

மாணவர் அமைப்புகளுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(எஃப்), வேறொரு சட்டத்தின்கீழ் அரசு அமைப்பு பெறத்தக்க தனியார் நிறுவனத் தகவலையும் "தகவல்" என்றே வரையறுக்கிறது. ஆகவே குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தில் சமூகப் பிரிவு வாரியாக எத்தனை மாணவர்கள், எத்தனை பேர் இடைநின்றனர், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார் என்பவற்றை யுஜிசியிடமும் மாநில உயர்கல்வித் துறையிடமும் கேட்கலாம். மூன்று நிறுவனங்களின் எண்கள் நாடாளுமன்றக் குழுவால் வெளிவந்தன. மற்றவற்றின் எண்களை நாம்தான் வெளிக்கொணர வேண்டும்.

முன்பணம் கட்டிவிட்டவர்களுக்கு

யுஜிசியின் 2018 அக்டோபர் அறிவிக்கை, எந்த உயர்கல்வி நிறுவனமும் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது. சேர்க்கையின் இறுதி நாளுக்குப் 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னர் விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவாக 5 விழுக்காடு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடிக்கலாம். 15 நாட்களுக்குள் வந்துவிட்டால் 90 விழுக்காடு. இறுதி நாளுக்குப் பின் 15 நாட்கள் வரை 80, முப்பது நாட்கள் வரை 50, அதன் பின் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான கால எல்லையை யுஜிசி தனிச் சுற்றறிக்கையில் அறிவிப்பதுண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கேள்விகளை அனுப்பினார். நான்காண்டுக்கும் சலுகையை உறுதிசெய்யும் பதில், கலந்தாய்வுச் சுற்று முடியும் நாள் வரை வரவில்லை. அவர் கலந்தாய்வில் அரசுப் பொறியியல் கல்லூரி இடத்தை ஏற்றார். வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்த முன்பணம் 50,000 ரூபாயைத் தர இயலாது என்று முதலில் தொலைபேசியில் சொன்னார்கள். 2018 அறிவிக்கையைக் குறிப்பிட்டு, யுஜிசிக்கு நகலிட்டு, ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். பத்தொன்பதாம் நாள் 45,000 ரூபாய் அவருடைய தாயின் வங்கிக் கணக்குக்கு வந்தது. பிடித்துக்கொண்ட 5,000 ரூபாயில் 2,500 ரூபாய் விதிக்கு மேல் உள்ளது என்று இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறோம்.